கள்ளக்குறிச்சியிலிருந்து எழுத வேண்டிய ஆய்வேடு



இதழியல், மக்கள் தொடர்பியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. எங்கே சேரலாம், என்ன தகுதி, எவ்வளவு உதவித்தொகை என்பதையெல்லாம் இங்கே வந்திருக்கும் மாணவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உண்மையில் இந்த உரை முழுவதுமே அந்தக் கோரிக்கைதான். இத்துறையில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இந்த மாவட்டத்தைப் பற்றியே செய்யுங்கள். கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் விட்டுவிட்டு ஆய்வுப் பொருள் தேடி வேறெங்கும் போகாதீர்கள்.

ஊர்ப்பற்றினால் இதைச் சொல்லவில்லை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய மாவட்டம் இது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை இந்தியாவின் எல்லாத் தொலைக்காட்சி வண்டிகளும் இங்கே வந்து நின்றன. 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளிக் கலவரம். 2024 ஜூனில் கருணாபுரம் சாராயச் சாவுகள். இரண்டு முறையும் வண்டிகள் வந்த வேகத்திலேயே திரும்பின. அந்த நாட்களில் உங்களைப் பற்றி என்ன எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள், எழுதியது யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாரை என்ன செய்தது என்ற கேள்விகள் எல்லாம் இன்னும் நீண்ட ஆய்வுக்குக் காத்திருக்கின்றன. இவற்றைக் கேட்பதற்கென்றே இருக்கும் துறை இது.

சிறிய ஊரைப் பற்றிய ஆய்வு சிறிய ஆய்வாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நெறியாளர்கள்கூட, மாநிலம் தழுவிய தலைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நம் துறை எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இந்த அச்சம் போய்விடும். 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டார்கள். அங்கே 600 வாக்காளர்களை மாதந்தோறும் சந்தித்துப் பேசினார்கள். வானொலியும் பத்திரிகையும் மக்களை நேரடியாக மாற்றிவிடுவதில்லை, ஊருக்குள் மதிப்புள்ள சிலர் படித்துச் சொல்லும் வழியாகவே செய்தி மற்றவர்களிடம் வேலை செய்கிறது என்ற கருத்து அங்கிருந்துதான் பிறந்தது. 1968இல் மெக்கோம்ஸ், ஷா என்ற இருவர் சாப்பல்ஹில் என்ற பல்கலைக்கழக ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 பேரிடம் கேட்டார்கள். அந்த 100 பேரின் விடைகளிலிருந்து எழுதி, 1972இல் வெளியான கட்டுரைதான், மக்கள் எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை ஊடகம் வரிசைப்படுத்தித் தருகிறது என்ற கோட்பாட்டின் தாய். உலகத்தின் எல்லா இதழியல் வகுப்பறைகளிலும் இன்று அது பாடம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மணலூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஜம்பை இருக்கிறது. அங்கே ஒரு குகைத்தளத்தில் 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒற்றை வரித் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டறிந்தார்கள். சதியபுத்திரன் என்ற பட்டம் தாங்கிய அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர் தங்கும் அந்தக் குகைப் பள்ளியைக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல தலைமுறைகளாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது இந்தப் பக்கத்துப் பாறை ஒன்றின் ஒற்றை வரி. ஊரின் அளவை வைத்து ஆய்வை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் எங்கே தேடுவேன்?

செய்தியைப் பற்றி ஆராய்வது புதிய பழக்கமும் அல்ல. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தோபியாஸ் பாய்சர் என்ற இளைஞர் செய்தித்தாள்களைப் பற்றி ஆய்வேடு எழுதியது 1690இல். எது செய்தியாகத் தகும், எதை நம்பலாம், எழுதுகிறவருக்கு என்ன நேர்மை வேண்டும் என்று அவர் கேட்ட கேள்விகளைத்தான் இன்றும் கேட்கிறோம். இந்தியாவில் இதழியல் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் வந்து வேர்விட்டது 1940களில். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1941, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947. நெடுங்காலம் அது செய்தி எழுதப் பழக்கும் பட்டயப் படிப்பாகவே இருந்தது. ஆய்வு பிறகுதான் வந்தது. அதனால்தான் தமிழ்ப் பத்திரிகை உலகைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் பல, இதழியல் துறைக்கு வெளியிலிருந்தும் நாட்டுக்கு வெளியிலிருந்தும் வந்தன. இந்திய மொழிப் பத்திரிகைகளின் எழுச்சியைப் பற்றி 2000இல் நூல் எழுதிய ராபின் ஜெஃப்ரி ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய வரலாற்றாசிரியர். தமிழ்நாட்டுச் செய்தி உலகத்தைப் பற்றி 2023இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் கோடி டொரண்டோவில் இருக்கும் மானுடவியலாளர். இவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவர்கள் எவ்வளவு நுட்பமாக எழுதினாலும், கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மாலைப் பேப்பர் வந்து இறங்கும்போது என்ன பேச்சு நடக்கிறது என்பதைப் பிறந்தது முதல் கேட்ட காது அவர்களுக்கு இருக்க வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

கனியாமூரை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 13 அன்று அங்குள்ள தனியார் பள்ளி விடுதியில் மாணவி ஒருவர் இறந்து கிடந்தார். ஜூலை 17 அன்று பெருங்கூட்டம் திரண்டு பள்ளிக்குள் நுழைந்தது. பேருந்துகள் எரிந்தன. வகுப்பறைகளும் சான்றிதழ்களும் எரிந்தன. அந்த மாணவியின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. எந்த ஆய்விலும் அதைச் சொல்லத் தேவையில்லை. நம் துறைக்குரிய கேள்வி பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட நாட்களில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகக் கூட்டம் சேர்ந்தது என்று காவல்துறை சொன்னது. யூடியூப் சேனல்கள் நாளெல்லாம் ஊகங்களை ஒளிபரப்பின. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, இணை விசாரணை நடத்துவது போன்ற பதிவுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி சொன்னது. இவையெல்லாம் செய்தியாக வந்துவிட்டன. ஒரு துயரச் செய்தி எத்தனை கைகளில் மாறி, எந்தக் கையில் கோபமாகி, எந்தக் கட்டத்தில் நாளும் நேரமும் குறித்த அழைப்பாக மாறியது என்பதை யாராவது நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும். அன்று அந்த அழைப்பைப் பெற்றும் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. அதை யாரும் கேட்பதே இல்லை.

இந்த ஆய்வு எளிதல்ல. சேனல்கள் பல காணொலிகளை நீக்கியிருக்கும். வாட்ஸ்அப்பில் முன்னனுப்பிய செய்திக்குத் தொடக்கம் எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மனிதர்களிடம்தான் போக வேண்டும். வழக்கில் சிக்கிய இளைஞர்களிடமும் அவர்களுடைய தாய்மாரிடமும் பேச வேண்டியிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் ஆய்வாளரின் குறிப்பேட்டுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டிவரும். பதிவு செய்யும் அந்த நிமிடத்திலேயே பெயரையும் ஊரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு எழுதும் ஒழுங்கைக் கற்ற பிறகுதான் இப்படிப்பட்ட களத்துக்குள் கால் வைக்க வேண்டும். நெறியாளர்கள் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லித் தர வேண்டும். புள்ளியியல் மென்பொருள் பிறகு வரட்டும்.

கருணாபுரம் இதைவிட வலிக்கிற செய்தி. 2024 ஜூனில் அறுபத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனால் கலந்த சாராயம். வழக்கு பிறகு சிபிஐக்கு மாற்றப்பட்டது. அரசியல் விவாதம் நடந்தது, சட்டத்திருத்தம் வந்தது. இழப்பீடாகப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது சரியா என்ற வாதம் தொலைக்காட்சிகளில் பல இரவுகள் ஓடியது. இவ்வளவுக்கும் நடுவில் இதழியல் மாணவர் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் எது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அது முதல் நாளின் சில மணி நேரங்கள் என்று நம்புகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. உடலுக்குள் போய், கல்லீரலில் மாற்றமடைந்து, ஃபார்மிக் அமிலமாகி, பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, மூச்சுத் திணறல், கண் மங்கல் என்று வெளிப்படுகிறது. அந்த இடைவெளியில் மருத்துவமனைக்குப் போய்விட்டால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் பல உயிர்களைக் காப்பாற்றும். அதாவது அந்த மணி நேரங்களில் ஒரு தெருவுக்குள் போய்ச் சேரும் சரியான செய்தியே மருந்துக்குச் சமம். ஆனால் தொடக்கத்தில், சாவுகளுக்குக் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பது உறுதியாகவில்லை என்ற பேச்சே அதிகாரத் தரப்பிலிருந்து வந்தது. அப்படியானால் கருணாபுரத்துக்குள் எச்சரிக்கை எப்போது, யார் வாயால், எந்த வழியாகப் போனது? தொலைக்காட்சியின் ஓடுவரியாலா, ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியாலா, மருத்துவமனை வாசலிலிருந்து உறவினர் செய்த போன் அழைப்பாலா? மறுப்பை முதலில் கேட்டவர்கள் என்ன முடிவெடுத்தார்கள்? கண் மங்கியும், போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டா? தப்பித்தவர்களும் இறந்தவர்களின் வீட்டாரும் மருத்துவர்களும் தூய்மைப் பணியாளர்களும் ஊர்ச் செய்தியாளர்களும் சேர்ந்து சொன்னால்தான் அந்த நேர அட்டவணையை எழுத முடியும். எழுதினால், இன்னோர் ஊரில் இப்படி நடக்கும்போது யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் மெத்தனால் சாவுகள் நடந்து ஓராண்டு முடிந்த நிலையில்தான் கருணாபுரம் நடந்தது. அங்கிருந்து பாடம் இங்கே வந்து சேரவில்லை. பாடத்தை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும்.

அதே ஜூன் மாதத்தில் கல்வராயன் மலையின் பெயர் எல்லாத் திரைகளிலும் வந்தது. சாராயம் காய்ச்சும் மலை என்றே வந்தது. மலையில் காய்ச்சுவதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறலிட்டுக் காய்ச்சுவது வேறு, தொழிற்சாலைப் பொருளான மெத்தனால் வேறு. மெத்தனாலை எந்த மலையிலும் அடுப்பு வைத்துக் காய்ச்சி எடுப்பதில்லை. இந்த வேறுபாட்டை எத்தனை செய்திகள் எழுதின, எத்தனை செய்திகள் இரண்டையும் ஒரே படத்தின் கீழ் போட்டன என்று எண்ணிப் பார்ப்பது உள்ளடக்கப் பகுப்பாய்வு. இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு மாதப் பத்திரிகைகள், ஒரு குறியீட்டு ஏடு, பொறுமையான இரண்டு பேர் இருந்தால் தொடங்கலாம். சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது அந்தச் சாவுகளுக்குப் பின்னால்தான். சாலை, மருத்துவமனை, நில உரிமை எல்லாம் அப்போது செய்தியாயின. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சமவெளியில் செத்த பிறகுதான் மலைக்குச் சாலை இல்லை என்பது தலைப்புச் செய்தியாக முடிந்தது. மெக்கோம்ஸும் ஷாவும் 100 பேரிடம் கேட்ட கேள்வியை இங்கே கேட்டால் கோட்பாடே மாறக்கூடும் என்பது என் எண்ணம். எது செய்தி ஆகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. செய்தி ஆவதற்கு முன் எத்தனை காலம் ஒரு குறை வெறும் குறையாகவே கிடக்கிறது என்பதையும் இங்கே கேட்க முடியும்.

மலையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேச அனுமதியுங்கள். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டியும் விரிந்து கிடக்கிறது கல்வராயன். பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் மலைகளைப் பிரித்துக்கொண்டு குடியேறினார்கள் என்ற அவர்களுடைய கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் அச்சிட்டார். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்த மலை இது. அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது 1976இல். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து. அந்த முப்பது ஆண்டுகளில் நாட்டுச் செய்தி எதுவும் அந்த மலையில் எப்படிக் கேட்டது? தேர்தல் என்ற சொல் எப்போது ஏறியது? வானொலிப் பெட்டி முதலில் யார் வீட்டுக்கு வந்தது? ஜாகீர் எடுக்கப்பட்டது என்ற செய்தியை மக்களுக்குச் சொன்னது யார்? இதற்குச் சாட்சிகள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். வாய்மொழி வரலாறாக ஒரு முனைவர் பட்ட ஆய்வு இதற்காகவே காத்திருக்கிறது. அது நெடுநாள் காத்திருக்க முடியாது.

செய்தி மலையிலிருந்து இறங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமும் ஒரு கேள்வி. அருகே தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கு வாழ்பவர்களும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் நுழைந்து செய்த கொடுமை வெளியுலகத்துக்குத் தெரிய வாரங்கள் ஆயின. பத்திரிகை அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பழங்குடி மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் நேரில் போய்ப் பார்த்து வந்து சொன்னார்கள். தீர்ப்பு வர 2011 வரை ஆனது, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 வரை ஆனது. செய்தி நிறுவனங்களின் நிருபர் வலைப்பின்னல் எந்த ஊரோடு முடிகிறது, அதற்கு அப்பால் யார் நிருபரின் வேலையைச் செய்கிறார்கள் என்று கேட்டால் விடை சங்கம், கட்சி, ஆசிரியர், கிராம செவிலியர், பேருந்து ஓட்டுநர் என்று விரியும். அந்த மனிதர்களை வைத்துத்தான் மலையின் தகவல் தொடர்பு வரைபடத்தைப் போட முடியும். செல்போன் கோபுரத்தை மட்டும் குறித்துவிட்டு வந்தால் வரைபடத்தில் பாதிதான் இருக்கும்.

பறையடித்து அறிவிக்கும் தண்டோரா முறையைத் தடை செய்ய வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்றார். ஒரு சமூகத்தின் தோளில் மட்டும் சுமத்தப்பட்டிருந்த இழிவு அது. நீங்கியது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதழியல் ஆய்வாளர் அந்தப் பறையடித்தவர்களிடமும் போக வேண்டும். பல தலைமுறைகளாக ஊருக்கு அரசாணையும் சாவும் திருவிழாவும் சொன்னவர்கள் அவர்கள். இந்த நாட்டின் மிகப் பழைய செய்தி அறிவிப்பாளர்கள். அவர்களுடைய நினைவுகளை, அவர்களுக்குத் தரப்பட்ட கூலியை, எந்தத் தெருவில் நிற்க விட்டார்கள், எந்தத் தெருவில் விடவில்லை என்பதை ஊடக வரலாறாக நம் துறை எழுதியாக வேண்டும்.

சரி, வழிமுறைக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து விழுக்காடு சலுகை உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் 75 விழுக்காட்டோடு நேரடியாக வரலாம். எம்ஃபில் இப்போது இல்லை. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவின் பேரில் இரண்டு ஆண்டு கூடும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கும். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு பகுதிநேரமாகச் செய்யலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் செய்தியாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைநிலைக் கல்வி வழியாக முனைவர் பட்டம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். விதி அதை அனுமதிக்கவில்லை. ஒரு பேராசிரியர் எட்டுப் பேரையும் இணைப் பேராசிரியர் ஆறு பேரையும் உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் நெறிப்படுத்தலாம். ஆகவே இடம் காலியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இத்துறைக்குத் தனித்தாள் இருக்கிறது. 2024 முதல் அந்த மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பழங்குடி மாணவர்களுக்கென்று ஒன்றிய அரசின் தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்குக் கிடைக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இந்த அரங்குக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகள் அந்த எண்ணை நினைவில் வையுங்கள். அதில் ஒன்று உங்களுடையது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் இருக்கின்றன. சென்னை, மதுரை, கோவை, நெல்லை, திருவாரூர் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

பெரிய தடை மொழி. நெட் தேர்வில் இந்தப் பாடத்தின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் படித்து, தமிழ்ப் பத்திரிகையில் பத்து ஆண்டு எழுதி, தமிழ் மக்களைப் பற்றி ஆய்வு செய்ய வரும் ஒருவர் வாசலிலேயே வேறொரு மொழியில் நிறுத்தப்படுகிறார். இது அநீதி. தமிழிலும் வினாத்தாள் வேண்டும் என்று பல்கலைக்கழகங்களும் அரசும் கேட்க வேண்டும். அதுவரை நீங்கள் காத்திருக்கவும் கூடாது. ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் களத்தில் எடுத்த பேட்டிகளை மூலத் தமிழிலேயே, மலையாளிகளின் பேச்சில் வந்தபடியே, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் முடிந்தாலும் அதன் சாரம் தமிழில் ஒரு சிறு நூலாக வந்து, பேட்டி கொடுத்தவர் கையில் சேர வேண்டும். அதை நான் சலுகையாகக் கேட்கவில்லை, கடனாகக் கேட்கிறேன். அவர் நேரத்தையும் நினைவையும் கொடுத்திருக்கிறார்.

காந்திநகரிலிருந்து இயங்கும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் நாட்டின் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. சேர்வதற்கு முன் ஒரு மாதம் அதில் உட்கார்ந்து, நம் துறை ஆய்வேடுகளைப் படியுங்கள். கல்லூரி மாணவர்கள்மீது சமூக ஊடகத்தின் தாக்கம் என்ற ஒரே தலைப்பு, ஊர்ப்பெயர் மட்டும் மாறி எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பீர்கள். கூகுள் படிவம் ஒன்றைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, வந்த விடைகளை அட்டவணையாக்கி, ஐந்து அத்தியாயம் முடித்த ஆய்வுகள் பல. அவற்றை எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலைக்குப் பட்டம் தேவைப்பட்டது, காலக்கெடு நெருக்கியது, நெறியாளர் பாதுகாப்பான தலைப்பைக் கொடுத்தார். ஆனாலும் ஆறு ஆண்டு இளமையைக் கொடுத்து, ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நிரூபிப்பதை நான் இழப்பு என்றே கருதுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழ்களிடமும் போகாதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் 2022 விதிகளில் இல்லை. பிறர் எழுத்தோடு பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் நடவடிக்கை உண்டு என்பது 2018 முதல் விதி. செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக எழுதித் தரும் அத்தியாயம் வெள்ளிமலைச் சந்தையில் நின்று கேட்ட ஒரு கிழவியின் பேச்சுக்கு ஈடாகாது. அதை உங்கள் தேர்வாளரும் கண்டுகொள்வார்.

முடிக்கும் முன் ஆவணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பின் மேல் எழுந்ததுதான் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய இதழ்களைத் தேடி உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். ஒரு தனிமனிதர் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் நமக்கு அவ்வளவு வரலாறு மிஞ்சியது. ஆனால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை, அந்தந்த மாவட்டத்தோடு முடிந்துபோகும் அந்த இரண்டு, மூன்று பக்கங்களை, யார் சேர்த்து வைக்கிறார்கள்? மாநிலப் பதிப்புகள் நூலகங்களில் இருக்கும். கள்ளக்குறிச்சிச் செய்தி அச்சான பக்கம் மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போகிறது. நாளைக்கு ஒருவர் கருணாபுரத்தைப் பற்றியோ கனியாமூரைப் பற்றியோ ஆய்வு செய்ய வந்தால், முதலில் தேடப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள். இங்குள்ள கல்லூரி முதல்வர்களுக்கு: உங்கள் நூலகத்துக்கு வரும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை மாதந்தோறும் எடைக்குப் போடாமல் கட்டி வையுங்கள், முடிந்தால் வருடி எடுத்து வையுங்கள். மாவட்ட மைய நூலகத்துக்கு: மக்கள் கொண்டுவந்து தரும் பழைய துண்டறிக்கை, சுவரொட்டி, உள்ளூர் இதழ் எதுவானாலும் வாங்கிக்கொள்ள ஓர் அலமாரி ஒதுக்குங்கள். செய்தியாளர் நண்பர்களுக்கு: 2022 ஜூலையிலும் 2024 ஜூனிலும் நீங்கள் எடுத்த படங்கள், குரல் பதிவுகள், அனுப்பியும் அச்சாகாமல் போன செய்திகள் உங்கள் பழைய செல்போன்களில் இன்னும் இருக்கும். போனை மாற்றும்போது அவை அழிந்துவிடும். இன்று இரவே ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கி, எந்தத் தேதி, எந்த இடம், யார் எடுத்தது என்று எழுதி வையுங்கள். பெயர் வெளிவரக் கூடாதவர்களின் பட்டியலைத் தனியாக வையுங்கள்.